ஏழுமலை முருகேசன் என்று ஓர் ஆள் இல்லை

போன வாரம் கவிதாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது. ஓய்வு பெறும்வரை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். "மேடம், புது மானிட்டரிங் சாப்ட்வேர் வந்துகீது. எல்லாருக்கும் மறுபடி அக்கவுண்டு போடணுமாம். பர்ஸ்ட் நேம்னு ஒரு பெட்டி, லாஸ்ட் நேம்னு ஒரு பெட்டி கேக்குது. அப்பா பேரை எதுல போடறது?" கீழே ஒரு சிரிப்பு பொம்மை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடுப்பைக்கூட அணைக்காமல் போனைப் பார்த்தபடி நின்றேன். கவிதா மேல் கோபம் இல்லை. அவள் கேட்கவாவது செய்கிறாள். நான் கேட்கவில்லை. கேட்காமல் தட்டினேன். அதனால் ஒரு மனிதன் நான்கு நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தான். "போன்ல சொல்ற கதை இல்ல, எழுதி அனுப்பறேன்" என்று பதில் போட்டேன். அதுதான் இது. கவிதாவுக்கு எழுதுகிறேன் என்றாலும், இந்த வேலையில் உள்ள எல்லோரும் படிக்கட்டும்.

என் பெயர் சபீரா. அப்பாவுக்கு உத்திரமேரூர் பஜாரில் டிரங்குப் பெட்டிக் கடை. நான் எஸ்.டி.டி. பூத்தில் ஆரம்பித்து, கேபிள் டி.வி. ஆபீசில் கம்ப்ளெயின்ட் எழுதி, கடைசியில் கண்ணாடி இழை கேபிளைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் எங்கள் கண்ட்ரோல் ரூம். சென்னையில் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பாதி எனக்குப் புரியவில்லை, மீதி மறந்துவிட்டது. பயிற்சி கொடுத்த அம்மா கடைசி நாளில் சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை. "யார் வேலையை விட்டுப் போனாலும் அக்கவுண்டை அழிக்காதீங்க. முடக்கி வையுங்க. அழிச்சா அந்த ஆள் என்ன செஞ்சார்ங்கிறதும், என்ன செய்ய முடியாம இருந்தார்ங்கிறதும் சேர்ந்து போயிடும்." இரண்டாவது பாதிக்கு அன்று அர்த்தம் தெரியவில்லை.

எங்கள் வேலையை இப்படிச் சொல்லலாம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சின்ன அறை. உள்ளே கேபிள் பெட்டி, பேட்டரி, கதவில் ஒரு சென்சார். திருப்புட்குழி, ராஜகுளம், மானாம்பதி என்று ஊர் ஊராகச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் பச்சைப் புள்ளிகள். கரண்டு போனாலோ கதவு திறந்தாலோ புள்ளி சிவப்பாகும், மணி அடிக்கும். உடனே ஆளை அனுப்ப வேண்டும்.

அந்தத் திரைக்குள் யார் நுழையலாம், நுழைந்து என்ன செய்யலாம் என்பதைப் பார்த்துக்கொண்டது நான். மூன்று தரம் உண்டு. பார்க்க மட்டும் முடிகிறவர்கள். தொட்டு மாற்றக்கூடியவர்கள். எல்லாம் செய்யக்கூடியவர்கள். மூன்றாவது தரத்தில் நானும் மேனேஜரும் மட்டும். யார் கேட்டார்கள், யார் சரி என்றார்கள், எந்தத் தரம் கொடுத்தேன், எப்போது பிடுங்கினேன் என்று ஒரு நீளநோட்டில் எழுதி வைப்பேன். "மேடத்தோட ரேஷன் கார்டு" என்று பையன்கள் அந்த நோட்டைக் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும்.

மேனேஜர் தயாளனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. குரலை உயர்த்தாத மனிதர். "தாயி" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்தபடியே பேசுவார். அவர் துடைக்க ஆரம்பித்தால் ஏதோ வேண்டாத வேலை வரப்போகிறது என்று அர்த்தம். எதையும் எழுத்தில் தரமாட்டார். "மெயில்ல போடுங்க சார்" என்றால், "நமக்குள்ள என்ன தாயி மெயிலு? சின்ன விஷயம்" என்பார். அந்த ஆளின் அகராதியில் பெரிய விஷயம் என்று ஒன்றே ஒன்றுதான். மாதக் கடைசியில் ஹெட் ஆபீசுக்குப் போகும் ரிப்போர்ட் பச்சையாக இருக்க வேண்டும்.

ஒரு புள்ளி எத்தனை முறை சிவப்பானது என்பது அந்த ரிப்போர்ட்டில் வந்துவிடும். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், தொல்லை கொடுக்கிற ஊரை மெயின்டனன்சில் போடுவது. அதாவது, "இங்கே நம் ஆள் வேலை செய்கிறான், மணி அடிக்காதே" என்று திரைக்குச் சொல்லிவிடுவது. புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். கதவு திறந்தாலும் அடிக்காது. ஆள் உண்மையாகவே அங்கே வேலை செய்தால் அது சரி. யாரும் இல்லாமல் போட்டால், நாயின் வாயைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்து போட்ட மாதிரி. நான் சண்டை போட்டேன். "சின்ன விஷயம் தாயி" என்றார்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

சாப்ட்வேர் எங்கேயோ வெளிநாட்டில் செய்தது. அதற்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி நிரம்ப வேண்டும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? ஒரு பெயர், அதன் முன்னால் அப்பாவின் இனிஷியல். ஹெட் ஆபீசிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அதில் இனிஷியலை விரித்து, முன்னால் இருந்தபடியே முன்னால் எழுதியிருந்தார்கள். ஷிப்ட் இன்ஜினீயர் ஏ. முருகேசன் அதில் 'ஏழுமலை முருகேசன்' ஆகியிருந்தான். முதல் பெட்டியில் ஏழுமலை, இரண்டாவது பெட்டியில் முருகேசன் என்று தட்டினேன். அவன் அக்கவுண்டின் பெயர் ezhumalai.murugesan என்று அமைந்தது.

இரண்டு மாதம் கழித்து மானாம்பதி பக்கம் லைன் பார்க்க ஒரு ஒப்பந்த ஆள் வந்தான். காலனியிலிருந்து வந்தவன். அப்பா கூலி வேலை செய்து செத்துப்போனவர். கேபிள் எந்த வரப்புக்கு அடியில் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அவன் பெயர் மு. ஏழுமலை. மு என்றால் முருகேசன். நம் பக்கத்தில் ஏழுமலைக்கும் முருகேசனுக்கும் பஞ்சமா? ஒருவனுக்குப் பெயராக இருப்பது இன்னொருவனுக்கு அப்பாவாக இருந்தது. அவ்வளவுதான். பட்டியல் முறைப்படி அவனுக்கு murugesan.ezhumalai என்று அக்கவுண்டு போட்டேன். தரம்: பார்க்க மட்டும். போனில் தன் ஊர்ப் புள்ளிகளைப் பார்த்துக்கொள்வான், எதையும் மாற்ற முடியாது.

தட்டும்போதே எனக்கு உறுத்தியது. இரண்டு பேரும் தலைகீழாக இருக்கிறார்களே என்று தோன்றியது. என் கதையே அப்படித்தான். 'சபீரா பேகம்' என்று பதிவு செய்ததால் 'டியர் பேகம்' என்றே கடைசி வரை எனக்கு மெயில் வந்தது. மாவட்டத்தில் பாதிப் பெண்கள் எனக்குச் சொந்தம் ஆகிவிட்டார்கள். அதைச் சொல்லிச் சிரித்தோமே தவிர, யாரும் திருத்தவில்லை. ரூமில் எல்லோருக்கும் யார் யார் என்று தெரியுமே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன். அந்த 'அப்புறம் என்ன'வுக்காக இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மானாம்பதி அறைக் கதவின் தாழ்ப்பாள் தேய்ந்து போயிருந்தது. காற்றடித்தால் கதவு ஆடும், சென்சார் கத்தும். ஏழுமலை மூன்று முறை போன் பண்ணினான்.

"அக்கா, தாப்பா லொடலொடன்னு ஆடிக்கினு கீது. ஒரு புது தாப்பா வாங்கிக் குடுங்க, நானே மாட்டிட்றேன்."

மூன்று முறையும் நோட்டில் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்தார். தாழ்ப்பாள் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முருகேசன் ஷிப்டில் இருந்தான். நான் லீவு. மானாம்பதி கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் அதை நான்கு மணி நேரத்துக்கு மெயின்டனன்சில் போட்டுவிட்டுப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான். அந்த நான்கு மணி நேரத்துக்குள் யாரோ வண்டி கொண்டுவந்து, அறையைத் திறந்து, பேட்டரி அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உச்சி வெயிலில் வயல் வெளியில் யார் இருக்கப் போகிறார்கள்? மணியும் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேனேஜர் திரையின் பதிவைத் தாளில் எடுத்துப் புகாரோடு போலீசில் கொடுத்திருந்தார். மானாம்பதி மணியை நிறுத்தியவர்: ezhumalai.murugesan. போலீஸ் நேராகக் காலனிக்குப் போய் ஏழுமலையை வண்டியில் ஏற்றியது. தாளில் முதல் பெயர் ஏழுமலை. அவன் லைன்மேன். அறைச் சாவி அவனிடம். அதோடு அவன் காலனிக்காரன். வேறென்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் மேனேஜர் ரூமுக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தேன்.

"சார், அது முருகேசன் அக்கவுண்டு. ஏழுமலையால எதையும் தொடவே முடியாது. அவனுக்குப் பாக்கறதுக்கு மட்டும்தான் குடுத்திருக்கேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும் தாயி. ரெண்டு நாள்ல விட்டுருவாங்க. பேட்டரிக்கு இன்சூரன்ஸ் வந்துரும். சின்ன விஷயம்."

"ஒரு மனுஷனை ஸ்டேஷன்ல உட்கார வச்சிருக்காங்க. அது சின்ன விஷயமா?"

கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் இன்னொண்ணு. தேவையில்லாத அக்கவுண்டு நிறைய கிடக்குது. ஒப்பந்த ஆளுங்க அக்கவுண்டு எல்லாத்தையும் அழிச்சிடு. முருகேசனுக்கு இ டாட் முருகேசன்னு புதுசா ஒண்ணு போட்டுடு. கிளீனா இருக்கட்டும்."

ஏழுமலையின் உண்மையான அக்கவுண்டு அழிந்துபோனால், ezhumalai.murugesan என்பது ஏழுமலையுடையது இல்லை என்று காட்ட எதுவும் மிஞ்சாது. இன்ஜினீயருக்குத்தான் தனியாக ஒன்று இருக்குமே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை இவ்வளவு மெதுவான குரலில் சொல்ல இந்த ஆளால்தான் முடியும்.

வெளியே வந்து முருகேசனைப் பிடித்தேன். கெட்டவன் இல்லை. பயந்தாங்கொள்ளி. கண்ணில் தண்ணீர் நின்றது.

"சார்தான் மேடம் போடச் சொன்னாரு. கத்துற ஊரையெல்லாம் மெயின்டனன்ஸ்ல போட்டுக்கினே இருன்னாரு. இப்போ நான் வாயைத் தொறந்தா என் வேலை பூடும் மேடம். ஊட்ல கொயந்தை கீது."

"ஏழுமலைக்கு ரெண்டு கொயந்தை கீது. அதுங்க இன்னா பண்ணும்?" என்றேன்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பயிற்சி கொடுத்த அம்மா சொன்னதன் இரண்டாவது பாதி அப்போதுதான் புரிந்தது. என்ன செய்ய முடியாமல் இருந்தார் என்பதும் சேர்ந்து போய்விடும். ஏழுமலையின் அக்கவுண்டையோ மற்ற ஒப்பந்த ஆட்களின் அக்கவுண்டையோ அழிக்கவில்லை, முடக்கினேன். முருகேசனுக்குப் புது அக்கவுண்டு போடவில்லை. பிறகு மேனேஜருக்கு ஒரு மெயில் அடித்தேன். 'இன்று காலை தாங்கள் வாய்மொழியாகச் சொன்னபடி ஒப்பந்த ஆட்களின் அக்கவுண்டுகளை அழிப்பது விதிக்குப் புறம்பானது. எனவே முடக்கி மட்டும் வைத்துள்ளேன். முருகேசனுக்குப் புதிய அக்கவுண்டு வேண்டுமென்றால் எழுத்தில் உத்தரவு தரவும்.' அவர் சொன்னதை எழுத மறுத்தால், அவர் சொன்னார் என்று நான் எழுதிவிடுவேன். இந்த ஒரு பழக்கம்தான் என் வேலை நாட்களில் என்னைக் காப்பாற்றியது. கவிதா, இதை மட்டுமாவது பிடித்துக்கொள்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏழுமலை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அக்கா, எனுக்குப் பாக்க மட்டும்தானே குட்த்திருக்கீங்க. நான் எப்படி அக்கா மணிய நிறுத்துவேன்? நீங்க சொல்லுங்க இவங்களாண்ட."

சொன்னேன். எஸ்.ஐ. தாளைத் தூக்கிக் காட்டினார். "இன்னாம்மா, பேரு இங்க கீதே. ஏழுமலை. அப்பன் பேரு முருகேசன். ரெண்டும் சரியா கீது. உங்க கம்பெனி குடுத்த பேப்பர்தானே? தப்புன்னா உங்க மேனேஜராண்ட எழுதி வாங்கிக்கினு வா."

எழுதவே எழுதாத மனிதனிடம் எழுதி வாங்கி வர வேண்டுமாம். ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். இரண்டாம் நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், 'உங்கள் மேலாளர் வழியாக அனுப்பவும்' என்று வந்தது. அதைப் படித்ததும் டேபிளில் இருந்த டீ டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அந்தக் கறை நான் ஓய்வு பெறும்போதும் அங்கேயே இருந்தது. அப்புறம் ஹெட் ஆபீஸ் இணையதளத்தில் தேடி, எங்கள் கம்பெனியில் விசாரணைக்கென்றே இருக்கும் அதிகாரியின் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டேன். வடக்கே எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி. நான்காம் நாள் வீடியோவில் வந்தார். என் பக்கத்தில் மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரையைப் பகிர்ந்து இரண்டு அக்கவுண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ezhumalai.murugesan: தொட்டு மாற்றும் தரம். எப்போதும் கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரிலிருந்தே நுழைந்தது. murugesan.ezhumalai: பார்க்க மட்டும். எப்போதும் ஒரே போனிலிருந்து நுழைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மெயின்டனன்ஸ் போட்டது எங்கள் ரூம் கம்ப்யூட்டர். ஏழுமலை அந்த ரூமுக்குள் காலே வைத்ததில்லை. ஒப்பந்த ஆட்கள் படியோடு நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தக் கேவலமான சட்டம் அன்றைக்கு ஒரு நாள் உதவியது.

அந்த அம்மா புருவத்தைச் சுருக்கினார். முதல் பெயர் ஏழுமலை என்றால் அந்த ஆள் பெயர் ஏழுமலைதானே என்று கேட்டார்.

"இல்லை மேடம். எங்கள் ஊரில் முன்னால் நிற்பது அப்பா. ஆள் பின்னால்தான் வருவான். ஏழுமலை முருகேசன் என்று ஓர் ஆளே இல்லை. முருகேசன் என்று ஒருவர் இருக்கிறார், இதோ வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஏழுமலை என்று ஒருவர் இருக்கிறார், அவர் ஸ்டேஷனில் இருக்கிறார்" என்றேன்.

நீளநோட்டைக் கேமராவில் காட்டினேன். தாழ்ப்பாள் கேட்ட மூன்று வரியையும் படித்தேன். மேனேஜருக்கு நான் அனுப்பிய மெயிலையும் திறந்தேன். அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். முருகேசனைக் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் ஏழுமலையை விட்டார்கள். பேட்டரி திருடியவன் இன்றுவரை அகப்படவில்லை.

இதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? மேனேஜரைச் சென்னைக்கு மாற்றினார்கள், பெரிய ரூம் கொடுத்து. முருகேசனுக்கு ஒரு மெமோ. அவன் ஒரு நாள் என்னிடம் வந்து, "சாரி மேடம்" என்றான். "எங்கிட்ட எதுக்குச் சொல்றே? மானாம்பதிக்கு பஸ் கீது, ஏறிப் போ" என்றேன். போகவில்லை. ஏழுமலையை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள், நல்ல மனசால் இல்லை, கேபிள் போகும் வழி வேறு எவனுக்கும் தெரியாததால். அதற்குள் ஊரில் அவன் 'பேட்டரி' ஆகியிருந்தான். டீக்கடையில் பேட்டரி, பள்ளிக்கூடத்தில் அவன் பிள்ளைகள் பேட்டரி பிள்ளைகள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்த வாயை மூடத் தனக்கு ஒரு காகிதம் வேண்டும் என்று கேட்டான். கம்பெனி தன் தப்பை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அதை டீக்கடையில் காட்ட வேண்டும். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

ஹெட் ஆபீசை நான் விடாமல் நச்சரித்து, கடைசியில் கடிதம் வந்தது. நானே வாங்கிக்கொண்டு மானாம்பதிக்குப் போய்க் கொடுத்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தைப் படித்தான். முதல் வரியிலேயே நின்றுவிட்டான்.

'டியர் மிஸ்டர் முருகேசன், பேட்டரி திருட்டில் தங்களுக்குத் தொடர்பில்லை என்று முடிவாகியுள்ளது.' அதற்கு மேலும் கீழும் எங்கேயும் ஏழுமலை இல்லை.

"அக்கா, இது எங்க நைனா பேரு. அவரு கம்ப்யூட்டரக் கண்ணால கூடப் பாத்ததில்ல. செத்துப் போனவரு திருடலன்னு எய்திக்கிறாங்க. நான் திருடலன்னு எங்க கீது?"

டீக்கடையில் அதைக் காட்டினால் முருகேசன் தப்பித்துவிட்டான் என்றுதான் அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். திருத்தித் தரச் சொல்லி எழுதினேன். கடைசிப் பெயரைக் கம்ப்யூட்டரே எடுத்துப் போடுகிறது, மாற்ற முடியாது என்று பதில் வந்தது. பட்டியலில் நான் திருத்தாமல் விட்ட அந்த வரிசையை ஹெட் ஆபீசில் யாரோ இதற்குள் புரட்டி, ஆளை முதல் பெட்டியிலும் அப்பாவைக் கடைசிப் பெட்டியிலும் போட்டுச் சரி செய்திருந்தார்கள். அதன் பலன் இது. முன்னால் போட்டாலும் அவனுக்கு அடி, பின்னால் போட்டாலும் அவனுக்கு அடி.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அவன் வீட்டுக்குப் போனேன். சுவரில் அவன் அப்பா போட்டோ. சட்டத்துக்குள் போட்டோவுக்குக் கீழே அந்தக் கடிதம் மடித்துச் செருகியிருந்தது. நான் பார்ப்பதை அவன் பார்த்தான். "அவருக்கு வந்த லெட்டர் அக்கா, அவராண்டயே இருக்கட்டும்" என்றான். வெளியே ஏதோ ஒரு பிள்ளை, "பேட்டரி மாமா!" என்று கூப்பிட்டது. அவன் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தான்.

கவிதா, அப்பா பெயரை எதில் போடுவது என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. மானாம்பதி பட்டியலில் முதலில் அவன் பெயரை எடு. நம்பர் உன்னிடம் இருக்கிறது. போன் பண்ணு, பேட்டரி என்று கூப்பிடாதே. இரண்டு பெட்டியையும் அவனுக்குப் படித்துக் காட்டு. அவன் சொல்கிறபடி தட்டு. அவன் சொல்லும்வரை அந்தப் பெட்டிகள் காலியாகக் கிடக்கட்டும்.